வேலிக்கு உள்ளே ஒரு குழி

ஐசக் ரென்ஷா போதகர் எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தபோது அவருடைய தாடி செம்பட்டையாக இருந்தது. வெள்ளைக்காரர்களோடு எங்கள் ஆட்கள் போட்ட கடைசிச் சண்டை முடிந்து, எரிந்துபோன மாட்டுப்பட்டிகளில் புல் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. மனைவி எலினர், ஒரு மாட்டு வண்டி, பெட்டி நிறைய வேதப் புத்தகங்கள், இவ்வளவுதான் அவர் கொண்டுவந்தது. சோமோ ஆற்றங்கரை மேட்டில் கல்லும் மண்ணும் வைத்து ஒரு வீட்டையும் கோயிலையும் கட்டி, பெத்தானியா என்று பெயர் வைத்தார். கோயிலுக்குக் கூரை போடுவதற்கு முன்பே கல்லறைத் தோட்டத்துக்கு முள்வேலி போட்டுவிட்டார். அதைப் பார்த்து எங்கள் ஆட்களுக்கு ஒரே சிரிப்பு. "சாகிறதுக்குன்னே வந்திருக்காரு போல," என்றார்கள்.

மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு மிஷன் உண்டு. அங்கே தலையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும், ஆள் கிறிஸ்தவன். ரென்ஷாவோ ஆளையே ஆற்றில் முக்கி எடுக்க வேண்டும் என்றார். எங்கள் ஆற்று மடுக்களில் ஆற்று மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரைக் கூப்பிட்டுக் கீழே கொண்டுபோனால் கரையில் நிற்கிறவர்கள் அழக் கூடாது. அழுதால் போனவர் திரும்பமாட்டார். அப்படிப்பட்ட தண்ணீரில் ஒரு வெள்ளைக்காரர் கையில் கழுத்தைக் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? "தெளிக்கிறவர்கிட்டப் போனா தலை நனையும், முக்குறவர்கிட்டப் போனா ஆளே போயிருவான்," என்று சோளக் கள் குடிக்கிற இடத்தில் பேசிக்கொள்வார்கள். வருஷக்கணக்கில் ஒருவர்கூட ஆற்றில் இறங்கவில்லை.

நான் மகலிமாவின் மூத்த மனைவி. பிறந்த குலத்தின் பெயரால் என்னை மாபெலே என்பார்கள். எங்கள் குடிசைகள் பெத்தானியாவுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில். எலினர் அம்மாவுக்குப் பூசணிக்காய் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவர் உப்பு தருவார். எங்கள் பேச்சை அவர் புருஷனைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். ரென்ஷாவுக்குக் கடைசிவரை நாக்கைச் சொடுக்கிப் பேச வரவில்லை. முதுகு என்று சொல்ல நாக்கை மேலண்ணத்தில் தட்டி எடுக்க வேண்டும். அவர் தட்டமாட்டார். "உங்கள் பாவத்தை முதுகில் சுமக்கிறீர்கள்" என்று பிரசங்கம் செய்வார். நாங்கள் எதில் சுமக்கிறோம் என்று யாருக்கும் விளங்காது.

எலினர் அம்மாவுக்குப் பேறுகாலம் வந்தபோது என்னைத்தான் கூப்பிட்டார்கள். பிள்ளை மூச்சில்லாமலே வந்தது. அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. துணி துணியாக நனைந்துகொண்டே போனது. பொழுது சாயும்போது அவரும் போய்விட்டார். நான்தான் குளிப்பாட்டினேன். அந்த முள்வேலிக்குள் முதல் குழியை ரென்ஷாவே வெட்டித் தாயையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணியடித்து, எப்போதும் போல மேடையில் ஏறி, எங்கள் பேச்சைக் கொலை செய்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் தன் சீமைக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தோம். அவர் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகலிமா நோமந்தியை இளையாளாகக் கட்டிக்கொண்டு வந்தார். ம்பாஷே ஆற்றுக்கு அப்பால் அவள் ஊர். உயரம், நல்ல குரல், வாய் சும்மா இருக்காது. வந்த புதிதில் ஒரு விதைப்பு முழுக்க நான் அவளோடு பேசவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை. என் கடைசிப் பிள்ளை வயலிலேயே வந்துவிட்டபோது, களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து தன் போர்வையில் வாங்கினாள். "அக்கா, இப்பவாவது ஒரு வார்த்தை பேசு. இல்லேன்னா இதை நான் வச்சுக்குவேன்," என்றாள். அன்றிலிருந்து பேசினோம். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. பெண் தோபேகா, பையன் வுயானி.

பிறகு என் நடுமகன் ஜோங்கிக்குத் தொண்டை அடைப்பு வந்தது. அந்த வருஷம் பல வீடுகளில் பிள்ளைகளைக் கொண்டுபோன அதே நோய். முகம் நீலம் பாரித்துவிட்டது. ரென்ஷா ஓடிவந்தார். ஒரு நாணல் குழலைப் பையன் தொண்டையில் விட்டு, மறுமுனையில் தன் வாயை வைத்து உறிஞ்சி, சளியும் தோலுமாகத் துப்பினார். திரும்பத் திரும்ப. அந்த நோய் தனக்கும் ஒட்டும் என்று அவருக்குத் தெரியும். பையன் பிழைத்தான்.

மகலிமா அன்று பட்டிக் கதவில் சாய்ந்து நெடுநேரம் நின்றார். "அந்த ஆளு என் பிள்ளை தொண்டையிலேர்ந்து சாவை வாயால உறிஞ்சித் துப்பினாரு, மாபெலே. அப்படிப்பட்ட வாய் பொய் சொல்லுமா?" என்றார்.  என் பிள்ளை என் மடியில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

மகலிமா ஞானஸ்நானம் கேட்டார். ரென்ஷா எங்கள் வீட்டுக்கே வந்து, பட்டி ஓரத்து மரக்கட்டையில் உட்கார்ந்தார். நானும் நோமந்தியும் குடிசைக்குப் பின்னால் சோளம் இடித்துக்கொண்டிருந்தோம். எல்லாம் காதில் விழுந்தது.

"ரெண்டு பொஞ்சாதி இருக்கிறவரை நான் ஆத்துல இறக்க முடியாது, மகலிமா. முதல்ல கட்டினவங்கதான் மனைவி. மத்தது கல்யாணம் இல்ல."

"கல்யாணம் இல்லேன்னா அது என்ன?"

"பாவம்."

"மாடு கொடுத்தேன். அவ அப்பா பட்டியில வாங்கி அடைச்சாரு. ஊரே வந்து கறி தின்னுச்சு. நீங்களும்தான் உக்காந்து தின்னீங்க."

அது உண்மைதான். தொடைக் கறியை அவருக்குக் கொடுத்ததே நான்தான். ரென்ஷா தரையைப் பார்த்தார். "கர்த்தருக்கு முன்னால அது கல்யாணம் இல்ல. இது என் சொல் இல்ல," என்றார்.

நோமந்தி உலக்கையை நிறுத்தினாள். "கேட்டியா அக்கா? நான் பாவமாம். இத்தனை நாளா வெறும் நோமந்தின்னு நெனச்சிட்டிருந்தேன்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். எங்கள் இருவருக்குமே அது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை.

ஆனால் மகலிமா நோமந்தியின் குடிசைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டே வந்து, அறுப்பு நேரத்தில் அடியோடு நிறுத்தினார். சாப்பாடு குறைந்தது. காலையில் மேட்டுக்குப் போய் ரென்ஷாவோடு வேதம் படிப்பார். மாலையில் வந்து மாடுகளிடம்கூடப் பேசமாட்டார். அவர் வேஷம் போடவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும். அந்த மனிதருக்குள் ஏதோ கிழிந்துகொண்டிருந்தது. அறுப்பு முடிந்த ஒரு நாள் நோமந்தியைக் கூப்பிட்டு, அப்பா வீட்டுக்குப் போகச் சொன்னார். பெண்ணுக்குக் கொடுத்த மாடுகளைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்றார். மாடு கொடுத்த வீட்டுக்குத்தான் பிள்ளைகள் என்பது எங்கள் வழக்கம். ஆகவே தோபேகாவும் வுயானியும் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

"வீட்டுக்கே வராத ஆளு, வீட்டை விட்டுப் போன்னு சொல்றதுக்கா இத்தனை நாள் யோசிச்சாரு?" என்று மட்டும் நோமந்தி சொன்னாள். பாயைச் சுருட்டினாள். ஒரு பானையை எடுத்துக்கொண்டாள். நேரே பெத்தானியாவுக்கு ஏறிப் போனாள். பிள்ளைகள் பின்னால் ஓடாமல் பிடித்துக்கொண்டு நானும் போனேன். ரென்ஷா வாசலுக்கு வந்தார்.

"போதகரே, நீங்க வெட்டினீங்க. வெட்டின துண்டை எங்க கொண்டுபோய்ப் போடணும்? அதையும் சொல்லிருங்க."

"உன் அப்பா வீட்டுக்குப் போ, நோமந்தி. கர்த்தர் உன்னைப் பாத்துக்குவார்."

"அவருக்கு ம்பாஷேக்கு வழி தெரியுமா?"

 அவள் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தாள். தோபேகா என் கையைக் கடித்துவிட்டு ஓடப்பார்த்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நோமந்தியின் வயிற்றில் அப்போது இன்னொரு பிள்ளை இருந்தது. அது அவளுக்கே அன்றைக்குத் தெரியாது.

மகலிமாவை ஆற்றில் முக்கி எடுத்த நாளில் பள்ளத்தாக்கே கரையில் கூடியது. அவருடைய அத்தை, யாரும் அழுதுவிடக் கூடாது என்று ஒவ்வொருவரிடமாகப் போய் மிரட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரிலிருந்து எழுந்தபோது அவர் முகம் ஒரு சின்னப்பிள்ளையின் முகம் போல இருந்தது. ரென்ஷா தண்ணீரில் நின்றபடியே தேம்பினார். முதல் ஆள் இறங்கிவிட்டால் பிறகு வழிதான். நான் இறங்கினேன், மகலிமாவின் தம்பிகள் இறங்கினார்கள், கோயில் நிறைந்தது. மகலிமா மூப்பரானார். எழுத்துக் கற்றுக்கொண்டு போதகரைவிட நன்றாகப் பிரசங்கம் செய்தார். கள் பாவம், உடம்பில் செம்மண் பூசுவது பாவம், ஆட்டம் பாவம். "மகளை மாட்டுக்குக் கொடுக்கிறது பிசாசோட சந்தை," என்று மேடையைத் தட்டிச் சொல்வார். வெளியூர்களிலிருந்து கேட்க வந்தார்கள். சீமையிலிருக்கும் சங்கத்தார் ரென்ஷாவுக்குப் புது மணி ஒன்று அனுப்பினார்கள். அந்த ஒரு வருஷம்தான் அவர் சிரித்து நான் பார்த்தது.

அடுத்த வருஷம் வடக்கிலிருந்து மாட்டுக் கொள்ளைநோய் இறங்கியது.

அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மாட்டின் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், கழியும், விழும். காலையில் நின்ற பட்டி மாலையில் கிடக்கும். சர்க்கார் போலீஸ் வந்து நோய் வராத மாடுகளையும் சுட்டது. ஆற்றங்கரையெல்லாம் வயிறு ஊதிய உடல்கள். பிணந்தின்னிக் கழுகுகள் தின்று தின்று பறக்க முடியாமல் தரையில் நடந்தன. பால் இல்லை, உழ எருது இல்லை, வண்டி இழுக்க எதுவும் இல்லை. மழையும் பொய்த்தது. வெள்ளைக்காரர்கள்தான் மருந்து வைத்துக் கொன்றார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. ரென்ஷாவின் எருதுகளும் விழுந்தன. தன் வீட்டுச் சோள மூட்டைகளைப் பிரித்து, வந்தவர்களுக்கெல்லாம் அளந்துகொடுத்தார். அவர் சட்டைக்குள் எலும்பு தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகலிமா மேடையில் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போது, கோயில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முதலில் எனக்கு ஆள் தெரியவில்லை. உயரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நோமந்தி. முதுகில் ஒரு கைக்குழந்தை, தலை தொங்கிக் கிடந்தது.

"மகலிமா, கண்ணைத் தெற," என்றாள். குரல் மட்டும் பழைய குரல். "உன் பிள்ளை. பேரு நொலிண்டா. என் அண்ணன் பொண்டாட்டிங்க சோத்துக்கு வழியில்லேன்னு எங்களை வெளிய தள்ளிட்டாங்க. எனக்கு எதுவும் வேணாம். இதுக்குக் குடிக்க ஏதாவது குடு."

மகலிமா கண்ணைத் திறந்தார். பார்த்தார். பிறகு ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவர் கைகள் மேடை விளிம்பைப் பிடித்திருந்த விதத்தை நான் பார்த்தேன். ஆனாலும் தொடர்ந்தார்.

ரென்ஷாதான் எழுந்து ஓடினார். பிள்ளையை வாங்கிக்கொண்டு தன் சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஆட்டுப்பாலைக் காய்ச்சி, துணியில் நனைத்து வாயில் வைத்தேன். சப்புவதற்கு அதற்குத் தெம்பில்லை. பால் கன்னத்தில் வழிந்தது. கோயிலில் கடைசிப் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளையின் மூச்சு நின்றது. அதன் காது மகலிமாவின் காது மாதிரியே இருந்தது. நோமந்தி அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

எலினர் அம்மாவுக்குப் பக்கத்தில் பிள்ளையை வைக்கலாம் என்று ரென்ஷா சொன்னார். மகலிமாவும் வேறு இரண்டு மூப்பர்களும் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"அந்த இடம் சபையாருக்கும் அவங்க பிள்ளைகளுக்கும். வெளிய எங்கயாவது வைங்க," என்றார் மகலிமா.

"இது உன் பிள்ளை, மகலிமா."

"நீங்கதானே சொன்னீங்க, அது கல்யாணமே இல்லேன்னு? கல்யாணம் இல்லேன்னா இது சபையோட பிள்ளை எப்படி ஆகும்? சபைக்கு முன்னால என்னைத் தலைகுனிய வைக்காதீங்க, ஐயா. நீங்க சொல்லிக் குடுத்ததை அப்படியே சொல்றேன்."

அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ரென்ஷா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சொந்தக் கையால் கட்டிய சுவர் தன்மேலேயே சாய்வதைப் பார்க்கிறவர் மாதிரி. பிறகு உள்ளே போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலிக்குள் நுழைந்தார்.

மழையில்லாத தரை, இரும்பு போலிருந்தது. மண்வெட்டி தெறித்துக்கொண்டு திரும்பியது. யாரும் உதவிக்கு வரவில்லை. வேலிக்கு வெளியே சபை முழுவதும் நின்று வேடிக்கை பார்த்தது. நான் வீட்டுக்குப் போய்க் களைக்கொத்தை எடுத்துவந்தேன். "மாபெலே, திரும்பிப் போ," என்றார் மகலிமா. நான் முள்படலை விலக்கிவிட்டு உள்ளே போய் வெட்டத் தொடங்கினேன்.

ரென்ஷாவின் உள்ளங்கை பிய்ந்து மண்வெட்டிக் காம்பெல்லாம் ரத்தம். முழங்கால் அளவு குழி இறங்கியபோது நிமிர்ந்து, துணியில் சுற்றிய பிள்ளையோடு உட்கார்ந்திருந்த நோமந்தியிடம், "நான் உனக்குத் தப்புப் பண்ணிட்டேன்," என்றார்.

"இன்னும் ஆழமா வெட்டுங்க," என்றாள் அவள். "நாய்ங்க பசியோட திரியுது."

அவர் குனிந்து வெட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மேடையில் ஏறி வேதப் புத்தகத்தைத் திறக்கவில்லை. நோமந்தி மகலிமாவின் மனைவியாகவே இருந்தாள் என்றும், அவளை விரட்டச் சொன்னது தன் பாவம் என்றும், இனி ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களின் குடும்பத்தைத் தான் பிரிக்கப்போவதில்லை என்றும் சொன்னார். மகலிமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவளை ஏற்றுக்கொள்ளச் சொன்னார்.

மகலிமா எழுந்தார். 

"மாசக்கணக்கா தூங்காம கெடந்தேன், ஐயா. அவளை அனுப்பின அன்னிக்கு என் ஒடம்புல பாதியை அறுத்துக் குடுத்த மாதிரி இருந்துச்சு. கர்த்தர் கேட்கிறார்னு குடுத்தேன். இப்ப, அது கர்த்தர் இல்ல, நான்தான் கேட்டேன்னு சொல்றீங்க. அப்படின்னா நான் யாருக்குக் குடுத்தேன்?"

"எனக்கு," என்றார் ரென்ஷா. "என்னை மன்னிச்சிரு."

"முடியாது, ஐயா. நீங்க சொல்றது நெசம்னா நான் கொலைகாரன். நான் கொலைகாரன் இல்ல. அதனால நீங்க சொல்றது நெசம் இல்ல."

சொல்லிவிட்டு வெளியே போனார். பெஞ்சு பெஞ்சாக எழுந்து சபை அவர் பின்னால் போனது. மகலிமாவின் தம்பி என் கையைப் பிடித்து இழுக்க இழுக்க நான் உட்கார்ந்தே இருந்தேன். புது மணிக்குக் கீழே ரென்ஷாவும் நானும் சில கிழவிகளும்தான் மிச்சம்.

கிங் வில்லியம்ஸ் டவுனிலிருந்து இரண்டு வெள்ளைக்காரப் போதகர்கள் கழுதை வண்டியில் விசாரணைக்கு வந்தார்கள். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். பசியாலும் தனிமையாலும் புத்தி தளர்ந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்தால்கூடப் போதும் என்றார்களாம். ரென்ஷா மறுத்தார். மூப்பர்கள் கூட்டத்தில் அவரை நீக்குவதற்கு முதலில் கை தூக்கியவர் மகலிமா. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பாவம் என்றும் தோன்றியது. எட்டி உதைக்கலாம் என்றும் தோன்றியது.

ரென்ஷா ஒரு போர்வையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கினார். ஆற்றின் மறுகரையில், துறைக்குப் பக்கத்தில் எங்கள் குலத் தலைவர் நோமந்திக்குக் கொஞ்சம் நிலம் கொடுத்திருந்தார். அதற்கும் மேலே, யாருக்கும் வேண்டாத கல்மேட்டில் ரென்ஷா ஒரு குடிசை போட்டார். புல் அடுக்கத் தெரியாமல் அடுக்கி, முதல் மழையிலேயே ஒழுகியது. ஊருக்கு வேறென்ன வேண்டும்? "முக்குறவர் இப்ப இளையாளுக்குத் தண்ணி தூக்குறாராம்," என்று துறையில் கிண்டல் செய்தார்கள். ஒருத்தி நோமந்தியின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்: "ஏண்டி, வெள்ளைக்காரன் எத்தனை மாடு குடுத்தான்?"

"உன் புருஷன்கிட்ட ஒண்ணு கடன் கேட்டிருக்கார்," என்றாள் நோமந்தி. "அவன் பட்டியில மாடும் இல்ல, வீட்டுல மூளையும் இல்லேன்னு திரும்பிட்டாராம்."

உண்மையில் அவள் ரென்ஷாவோடு தேவைக்கு மேல் பேசியதில்லை. அவர் அவளுக்கு விறகு வெட்டிக் கொண்டுவந்து வாசலில் போடுவார். எடுத்துக்கொள்வாள். நன்றி சொல்லமாட்டாள். அவரும் எதிர்பார்க்கமாட்டார். வருகிற பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். யாரையும் ஆற்றில் இறக்கவில்லை. நான் சில நாட்களில் தோபேகாவையும் வுயானியையும் வயலுக்குக் கூட்டிப்போகிற சாக்கில் துறை தாண்டி அவர்கள் அம்மாவிடம் கொண்டுபோவேன். பொழுது சாய்வதற்குள் பிரித்துக் கூட்டிவர வேண்டும். ஒவ்வொரு முறையும் அது ஒரு சாவுதான்.

இரண்டு மழைக்காலம் அப்படிப் போனது. மூன்றாவதில் வயிற்றுக் காய்ச்சல் பரவியது. ரென்ஷா குடிசை குடிசையாகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே திரிந்தவர், ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. நான் போனபோது நண்பகல். நோமந்தி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து சோளக் கஞ்சித் தெளிவை வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். தாடி முழுக்க வெளுத்திருந்தது. அவருக்கு ஐம்பதுகூட ஆகியிருக்காது.

"நோமந்தி, என்னை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டார். எங்கள் பேச்சில்தான் கேட்டார், அதே சொடுக்காத நாக்கோடு.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இல்ல," என்றாள். "பொய் சொல்லி அனுப்ப எனக்கு மனசில்ல. ஆனா நான் இங்கதான் இருக்கேன். குடிங்க."

அவர் தலையை ஆட்டினார். குடித்தார். மறுநாள் காலையில் இறந்தார்.

பெத்தானியாவுக்குப் புதிதாக வந்திருந்த இளம் போதகர் நல்லவர். ரென்ஷாவை மனைவிக்குப் பக்கத்தில்தான் அடக்க வேண்டும் என்று ஆளனுப்பி எடுத்துப்போனார். நோமந்தி கூட வரவில்லை. அடக்கத்தில் மகலிமா பேசினார். பிரமாதமான பேச்சு. ஜோங்கியின் தொண்டையில் குழல் விட்டதைச் சொன்னார், ஆற்றில் முதலில் இறங்கியதைச் சொன்னார், ஜனங்கள் விம்மினார்கள். பிறகு, கடைசிக் காலத்தில் போதகரின் புத்தி பசியால் கலங்கிப்போனது, கர்த்தர் அதை அவர்மேல் சுமத்தாதிருப்பாராக என்றார். காலடியில் நொலிண்டாவின் மண்மேடு. அவர் அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நான் தோபேகாவின் கையை ஒரு கையிலும் வுயானியின் கையை இன்னொரு கையிலும் பிடித்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். யாரோ "மூப்பரம்மா" என்று கூப்பிட்டார்கள். துறையைக் கடந்து, நோமந்தியின் வாசலில் பிள்ளைகளை விட்டேன்.

"எப்ப வந்து கூட்டிட்டுப் போவ?" என்றாள் நோமந்தி.

"வரமாட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் தோபேகாவின் தலைத்துணியை அவிழ்த்து முடியைத் தடவியபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் மகலிமா காத்திருந்தார். "என் பிள்ளைங்க எங்க?"

"அவங்க அம்மாகிட்ட."

"அவளுக்கு மாடு குடுத்திருக்கேன். பிள்ளைங்க என் வீட்டுக்குச் சொந்தம். உனக்குத் தெரியாதா வழக்கம்?"

"தெரியும். மாடு குடுக்கிறது பிசாசோட சந்தைன்னு நீங்கதான் மேடையில சொன்னீங்க. கர்த்தரோட வழின்னா அது கல்யாணமே இல்ல, நீங்க அதுங்களுக்கு அப்பாவும் இல்ல. பிசாசோட வழின்னா பிள்ளைங்க உங்களுக்கு. எந்த வழியில கேக்குறீங்கன்னு ஞாயித்துக்கெழமை சபையில நின்னு சொல்லுங்க. நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

அவர் கை ஓங்கினார். என்மேல் அது விழவில்லை. அப்படியே இறக்கிக்கொண்டு வெளியே போய், மாடில்லாத பட்டிக்குள் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. பிள்ளைகள் தாயிடமே வளர்ந்தார்கள். நான் என் வீட்டிலேயே இருந்தேன். என் பிள்ளைகள் அங்கேதானே இருந்தார்கள். விதைப்பு வரும்வரை மகலிமா என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோதும் விதைச் சோளத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார்.